கேய்னர் நின்ற ஜன்னல்கள்

கேய்னர் ஆர்மராட் வீடு வாங்கப் போகிறாள் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளம்பியதில் தப்பும் இல்லை. பள்ளி நடக்கும் நாளெல்லாம் காலை பத்தேகால் வாக்கில் வீட்டுத் தரகர் கடையின் ஜன்னலுக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருப்பாள். உள்ளே ஒட்டியிருக்கும் வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். இரண்டு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம். மழை கொட்டினாலும் நிற்பாள். பத்தொன்பது வருடமாகப் பள்ளிச் சமையலறையில் குழம்பு ஊற்றுகிறவளுக்கு ஐந்து படுக்கையறை வீட்டின் படத்தில் என்ன வேலை என்று தரகருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் கதவைத் திறந்து, "உள்ள வந்து பாக்கலாமே மேடம்" என்றாராம். "இல்லங்க, எங்க வீட்டுக்காரருக்குத் தோட்டம் சின்னதா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாளாம்.

பள்ளிக்குப் போகும் அந்த ஏற்றத்தில் அவள் நிற்கும் ஜன்னல்கள் மொத்தம் நான்கு. கீழே கார் நிறுத்தும் இடத்திலிருந்து வந்தால் முதலில் கறிக்கடை. பிறகு தரகர். பிறகு பழைய துணியும் பீங்கானும் விற்று நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் தர்மக் கடை. ஏற்றம் முடிகிற இடத்தில் சவ அடக்கம் செய்து தருகிறவர்களின் கடை. அந்தக் கடைசி ஜன்னலில் ஒரு கருங்கல் பலகையும் ஒரு பட்டுப் பூங்கொத்தும் தவிர வேறெதுவும் கிடையாது. அதையும் நின்று பார்ப்பாள்.

தபால்காரர் டங்கன் ஒருநாள் அவளை அங்கே பிடித்துவிட்டார்.

"என்ன கேய்னர், உன் அளவுக்குப் பெட்டி பாத்துட்டியா?"

"உனக்குத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உன் உயரத்துக்கு ஒண்ணும் கிடைக்கல. மடக்கித்தான் வைக்கணும் போல."

டங்கன் சிரித்துக்கொண்டே போனார். அவர் திருப்பம் தாண்டும்வரை அவள் அந்தக் கருங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஏன் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது தற்செயலாக. நான் அதே சமையலறையில் தட்டு கழுவுகிறவள். என் வீடு பள்ளிக்குப் பின்னால், கார் நுழையாத சந்தில் என்பதால் அந்த ஏற்றத்தில் நான் போவதே இல்லை. ஒருநாள் கீழே மருந்துக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அவளோடு சேர்ந்து நடந்தேன். பேச்சுக்கு நடுவே சட்டென்று நின்று, "பன்றித் தொடை நல்லா இருக்கில்ல?" என்றாள். வாங்கவில்லை. கொஞ்சம் நடந்து தரகர் கடை. "இந்த வீட்டுச் சமையலறையப் பாரேன்" என்றாள். தர்மக் கடையில் ஒரு தேநீர்க் குடுவையைப் பற்றி விசாரணை. நான்காவது ஜன்னலில் அவள் உதடு வெளுத்திருந்தது. ஒரு கை கண்ணாடியில் ஊன்றியிருந்தது.

"இங்க யாருடி செத்தா?" என்றேன்.

"என் காலுதான்" என்றாள்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை உள்ளே கம்பி வலை வைத்துத் திறந்து பார்த்தார்கள். எட்டு மாதம் தாங்கியது. நிற்கும்போது வலி கிடையாது. உட்கார்ந்தால் கிடையாது. நாற்பது மீட்டர் நடந்தால் கெண்டைக்கால் இரண்டையும் யாரோ இடுக்கியில் போட்டுத் திருகுவதுபோல இருக்கும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். முப்பது வருடம் சிகரெட் பிடித்ததற்கான கூலி என்று டாக்டர் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள். அதனாலேயே யாரிடமும் சொல்லவில்லை. தானே வரவழைத்துக்கொண்டதை வைத்து ஊரில் இரக்கம் கேட்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. பள்ளிக்கு எதிரே இருந்த பழைய பிரார்த்தனைக் கூடத்தின் முற்றத்தில் சமையலறைக்காரர்கள் கார் விடலாம் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். கூடத்தை விற்று அடுக்கு வீடாக மாற்றினார்கள். முற்றத்துக்குச் சங்கிலி வந்தது. தெருவிலோ வண்டி நிறுத்தக் கூடாது என்று இரண்டு பக்கமும் இரட்டை மஞ்சள் கோடு. பேருந்தும் கீழேதான் நிற்கும். ஆக, கீழே விட்டுவிட்டு இருநூறு மீட்டர் ஏறி வர வேண்டும்.

சீக்கிரம் கிளம்பக் கூடாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அவர்களுக்கு ஒரே கார். புருஷன் க்ளைவ் ரொட்டிக் கிடங்கில் இரவு வேலை முடித்து அதில் வீட்டுக்கு வரும்போது மணி பத்து. அவர் இறங்க, இவள் ஏற வேண்டும். பத்தரைக்கு ஏப்ரன் கட்டி நிற்க வேண்டும். குளிர் நாளில் நான்கு ஜன்னல் போதாமல் நடுவில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பைச் சரிசெய்வாள்.

தலைமைச் சமையல்காரி பெர்னி கெட்டவள் இல்லை. ஆனால் சமையலறையை எடுத்து நடத்தும் கம்பெனிக்கு அவள் வாரா வாரம் வருகைத் தாள் அனுப்ப வேண்டும்.

"கேய்னர், இந்த மாசம் நாலு தடவ லேட். நாலு தடவயும் நான் கண்ணை மூடிக்கிட்டேன். இனிமே ஒண்ணு ஆச்சுன்னா எழுதியே ஆகணும். எழுதினா அவங்க ஒரு கடிதம் அனுப்புவாங்க. அதுக்கப்புறம் ஆளை மாத்திடுவாங்க."

"சரி பெர்னி."

"என்ன சரி? பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்குடி உனக்கு. எவன் புதுசா வேலைக்கு வைப்பான்?"

"சரின்னேனே."

அன்று மதியம்தான் நீல அட்டைக்கு மனுப் போடலாம் என்றேன். நடக்க முடியாதவர்கள் கார் கண்ணாடியில் வைக்கும் அட்டை. அது இருந்தால் பள்ளிச் சுவருக்குப் பக்கத்திலேயே, மஞ்சள் கோட்டின் மேலேயே, மூன்று மணி நேரம் நிறுத்தலாம். அவள் வேலையும் மூன்று மணி நேரத்துக்குக் குறைவுதான்.

"அது சக்கர நாற்காலிக்காரங்களுக்கு" என்றாள்.

"யார் சொன்னா?"

"படமே அதுதானே போட்டிருக்கு."

மனுவை நான்தான் நிரப்பினேன். இரண்டு மாதம் கழித்து நேரில் வரச் சொன்னார்கள். நேரில் என்றால் ஒருவர் கேள்வி கேட்பார், கூடவே நடந்து பார்ப்பார்.

அன்று அவளை அழைத்துப்போக நான் இரவல் காரோடு போனபோது எனக்குப் பகீர் என்றது. தலைமுடி சுருட்டி விட்டிருந்தாள். கல்யாணங்களுக்குப் போடும் நீல மேல்கோட்டு. இஸ்திரி போட்ட சட்டை. உதட்டுச் சாயம்.

"எங்கடி போற? ராணி வீட்டுக்கா?"

"ஆபீஸுக்குப் போறோம். பிச்சைக்காரி மாதிரி போகச் சொல்றியா?"

பரிசோதிக்க வந்தவள் முப்பது வயதுப் பெண். தெற்கத்திப் பேச்சு. மரியாதையான பெண்தான், அவள்மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். கூட வந்தவர் பேசக் கூடாது என்று முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க இன்னிக்கு?"

"பரவாயில்ல கண்ணு. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

எங்கள் ஊரில் அது பதில் இல்லை, வணக்கம். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வோம். அந்தப் பெண் அதைப் பதில் என்று நினைத்து எழுதிக்கொண்டாள். எழுதுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நடக்கும்போது வலி எவ்வளவு?"

"கொஞ்சம் முணுமுணுக்கும். எல்லாருக்கும் ஏதாவது இருக்கத்தானே செய்யுது."

நான் தொண்டையைக் கனைத்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அடுத்து கூடத்தில் நடந்து காட்டச் சொன்னாள். அது நீளமான கூடம், சுவர் முழுக்க அறிவிப்புப் பலகைகள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கேய்னர் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நேராக நடந்தாள். நாற்பதாவது மீட்டரில் காய்ச்சல் தடுப்பூசி அறிவிப்பு. நின்றாள். படித்தாள். "அட, போன வருஷத்தவிட இந்தத் தடவ சீக்கிரம் போடறாங்க" என்றாள். மறுபடி நடந்து, காணாமல்போன பூனை ஒன்றின் படம். "ஐயோ பாவம், வெள்ளைக் காலோட. கிடைச்சுதாமா?" என்றாள். அதற்குப் பிறகு பாட்டுக் குழுவில் ஆள் சேர்க்கிற அறிவிப்பு. அதில் தொலைபேசி எண்ணைக்கூடக் குறித்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது ஒரு வயசான ஆள் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார். இவள் ஓரத்தில் இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டாள். பத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்கு நாற்காலி போட்ட கை, சும்மா இருக்காது.

காரில் ஏறியதும் இரண்டு காலையும் கையால் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். 

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. எண்பது மீட்டருக்கு மேல் சீரான நடையில், வெளிப்படையான சிரமம் ஏதுமின்றி நடந்தார். வழியில் அறிவிப்புகளைப் படிப்பதற்காக அவ்வப்போது நின்றார். நாற்காலி தூக்கினார். மன்னிக்கவும், தகுதி இல்லை.

அதைச் சமையலறையில் நான் உரக்கப் படித்தேன். பெர்னி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ்வப்போது நின்றாராம். எதுக்குடி நின்ன, அந்தப் பூனைய உனக்குத் தெரியுமா?"

கேய்னர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "க்ளைவ்கிட்ட சொன்னேன். தகுதி இல்லன்னா நல்லதுதானே, அப்போ நீ நல்லாத்தானே இருக்கன்னாரு."

"உன் புருஷனுக்கு ராத்திரியெல்லாம் ரொட்டிய எண்ணி எண்ணி மூளையும் மாவாயிடுச்சு" என்றாள் பெர்னி.

அந்த வாரம் வியாழக்கிழமை கேய்னர் பத்து நிமிடம் தாமதம். பனி விழுந்திருந்தது. பெர்னி தாளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். எழுதினாள். எழுதிவிட்டு ஒரு மணி நேரம் உருளைக்கிழங்கு மசித்தாள். கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதம் அடுத்த திங்கள் வந்தது. இனி ஒரு முறை தாமதமானால் முடிந்தது.

முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி நான்கு வாரத்துக்குள் எழுதிக் கேட்கலாம். என் வீட்டுச் சமையல் மேசையில் உட்கார்ந்து நான் எழுத, அவள் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக அடித்துக்கொண்டே வந்தாள்.

"இது என்ன, 'வலியால் கண்ணில் தண்ணீர் வருகிறது'? இது வேணாம்."

"வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம்?"

"பொய் சொல்ற மாதிரி இருக்கு."

"உண்மைதானேடி?"

"உண்மைதான். எழுதிப் பாத்தா பொய் மாதிரி இருக்கு." அவள் அந்த வரியை அடித்துவிட்டாள். நான் மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "டீ ஆறிப்போச்சு, வேற போடு" என்றாள். அந்த வரி இருந்துவிட்டது.

ஜன்னல்களைப் பற்றி எழுத மட்டும் விடவே இல்லை. அதை எழுதினால் தரகர் கடைக்காரர் காதுவரை போய்விடும் என்றாள். யார் காதுக்கும் போகாது என்று எவ்வளவோ சொன்னேன். "அந்த ஆள் கதவத் திறந்து கூப்பிட்டாரு தெரியுமா? நான் ஏமாத்துக்காரின்னு நினைப்பாரு." எனக்கு அலுத்துவிட்டது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது பரிசோதனைக்கு வேறு இடம் சொன்னார்கள். ஒரு மருத்துவமனைக்குப் பின்பக்கம். இந்த முறை தினசரிக் கோட்டிலேயே வந்தாள், உதட்டுச் சாயம் மட்டும் விடவில்லை. பரிசோதிக்கிறவர் ஐம்பதைத் தாண்டிய ஆள். கழுத்தில் நேரம் பார்க்கும் கடிகாரம் தொங்கியது. எப்படி இருக்கீங்க என்று கேட்டார். கேய்னர் வாயைத் திறந்தாள். நான் அவளையே பார்த்தேன். "வந்து சேந்துட்டேன்" என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே கூட்டிக்கொண்டு போனார். கட்டடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டித் தார் போட்ட பாதை. ஒரு பக்கம் வெறும் சுவர், சாம்பல் நிறம். இன்னொரு பக்கம் காலி இடம். ஒரு ஜன்னல் இல்லை, ஒரு பலகை இல்லை, ஒரு குப்பைத்தொட்டிகூட இல்லை. நான் நான்கடி பின்னால் போனேன். முப்பது மீட்டர் சாதாரணமாக நடந்தாள். அதற்குப் பிறகு நடை குறுகியது. தலை இடம் வலமாகத் திரும்பியது. எதையோ தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நாற்பதைத் தாண்டி இன்னும் ஐந்தாறு மீட்டர் போய்ப் பார்த்தாள். பிறகு நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கடிகாரத்தை அழுத்தினார். "எதுக்கு நின்னீங்கம்மா?"

 செருப்பைச் சரிசெய்யக் குனியப் போனாள். அன்று அவள் போட்டிருந்தது நாடா இல்லாத, அழுந்தப் பிடித்த காலணி. பாதி குனிந்து நிமிர்ந்தாள்.

"ஏதாவது பாக்கறீங்களா?"

"இங்க என்ன இருக்கு பாக்க?" என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது, அவர்மேல் இல்லை. பிறகு, "வலிக்குது" என்றாள்.

"எவ்வளவு?"

"நடக்க முடியாத அளவுக்கு."

"எப்பவும் இப்படித்தானா?"

அதற்குப் பிறகு அவளே சொல்லிவிட்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். கறிக்கடை, தரகர், தர்மக் கடை, கருங்கல். போன தடவை தடுப்பூசி, பூனை. வாங்காத பன்றித் தொடை.  சொல்லி முடித்ததும் அவரும் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தார்.

"எங்கப்பாவும் இப்படித்தான். அவருக்கு நாய். நாய் மோந்து பாக்குதுன்னு நிப்பாரு. அது செத்தப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது" என்றார். பிறகு, "கால் விட்டுடுச்சா? மெதுவா திரும்பலாமா?" என்றார்.

திரும்பும்போது இரண்டு தடவை நின்றாள். எதையும் படிக்கவில்லை.

அட்டை நவம்பரில் வந்தது. புகைப்படம் உள்ள பக்கம் கீழே இருக்க வேண்டும், கூடவே வந்த அட்டைக் கடிகாரத்தில் வந்த நேரத்தைக் காட்டி வைக்க வேண்டும். முதல் நாள் பத்தேகாலுக்குப் பள்ளிச் சுவரோரம் மஞ்சள் கோட்டின் மேல் காரை விட்டுவிட்டு அதைப் பத்து நிமிடம் திருகிக்கொண்டிருந்தாள். திருடுகிறவள் போல இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒன்றேகாலுக்குள் காரை எடுத்துவிட வேண்டும். வேலையும் ஒன்றேகாலுக்குத்தான் முடியும்.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி ஓடிடு" என்றாள் பெர்னி.

கேய்னர் அவளைப் பார்த்தாள். "ஓடவா?"

சமையலறையே சிரித்தது. சிரித்து முடித்து பெர்னி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் எழுதிய தாளைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

பழிச் சொல்லும் வரத்தான் செய்தது. இரண்டாவது வாரம், பிள்ளையைத் தாமதமாகக் கொண்டுவந்த ஒரு தாய், வண்டி விட இடமில்லாத எரிச்சலில் கண்ணாடியைத் தட்டினாள்.

"உங்களப் பாத்தா நடக்க முடியாத ஆள் மாதிரி தெரியலயே! உள்ள ரெண்டு மணி நேரம் நின்னு சோறு போடறீங்க, எம் புள்ள சொல்றான்."

"நிக்க முடியும்மா. நடக்கத்தான் முடியாது."

"நல்ல வியாதிதான்."

"வேணும்னா எடுத்துக்கோ" என்றாள் கேய்னர். சொல்லிவிட்டு அட்டையை இன்னொரு முறை நேராக வைத்தாள். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது கஸ்டர்டு ஊற்றிய விதத்தில் தெரிந்தது. பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது.

அதற்குப் பிறகு ஒருநாளும் தாமதமில்லை. கம்பெனியின் கடிதம் கோப்பில் எங்கேயோ கிடக்கிறது.

ஒருநாள் தேநீர் வேளையில் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் செல்லும் என்று போட்டிருக்கிறது.

"இது முடியறது நவம்பர். என் பென்ஷன் பிப்ரவரி."

நான் விரல் விட்டு எண்ணினேன். மூன்று மாதம் குறைகிறது.

"மறுபடி நடந்து காட்டணுமா?"

"காட்டணும். எந்தக் கூடத்துல விடறாங்களோ." கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "பூனைப் படம் இல்லாத இடமா இருந்தாச் சரி."

காரிலிருந்து சமையலறைக் கதவு அறுபது மீட்டர். நாற்பதில் இன்னமும் பிடிக்கிறது. அங்கே பள்ளிச் சுவர்தான், செங்கல். நேற்று நான் குப்பை கொட்ட வெளியே வந்தபோது அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"மிஸ், என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணும் பாக்கல. கால் வலிக்குது, அதான் நிக்கறேன்."

"ரொம்பவா?"

"ரொம்ப. நீ உள்ள போ, குளிருது."

பிள்ளை போகவில்லை. அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. கால் விட்டதும் இருவரும் உள்ளே போனார்கள்.